ஆறு இடத்தில் பொய்

என்னுடைய ஒரு எழுத்துப் பிழையால் ஒரு மனிதர் அமெரிக்காவிலிருந்து மூட்டை முடிச்சோடு கல்கத்தாவுக்குத் திரும்பி வந்தார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அந்த மனிதர் என் அப்பா. அப்போது எனக்குப் பத்து வயது. இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில், ரயிலில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிப் பீற்றிக்கொண்டிருக்கிறேன். போன மாதம்தான் நான் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளும்படியான ஒரு விஷயம் அதில் இருப்பது தெரிந்தது. இனிமேல் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்பா முதலில் கல்கத்தாவின் சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு கம்பெனியில் இருந்தார். பிறகு வேறொரு சின்னக் கம்பெனி அவரை அமெரிக்காவுக்கு அனுப்புகிறேன் என்றது. ஜனவரியில் போனார். துர்கா பூஜைக்குள் திரும்பி வந்துவிடுவேன், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பந்தல் பந்தலாகக் காட்டுவேன் என்று விமான நிலையத்தில் சத்தியம் செய்தார். பத்து வயதுப் பெண்ணைத் தோளில் தூக்க முடியுமா என்று நானும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. நியூ டவுனில் எங்கள் வீடு பதினோராவது மாடி. பால்கனியில் நின்றால் இறங்குகிற விமானங்களின் வயிறு தெரியும். பூஜைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று காலண்டரில் தினமும் அடித்துக்கொண்டே வந்தேன்.

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் திருச்சியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள். தமிழில் அதற்கு மெய்ப்புப் பார்ப்பது என்று பெயர். கல்கத்தாவுக்கு வந்த பிறகும் அந்த வேலையை விடவில்லை. பள்ளிக்கூட நோட்ஸ் போடுகிற ஒரு பதிப்பாளர் திருச்சியிலிருந்து கட்டுக் கட்டாகத் தாள் அனுப்புவார்; அம்மா சாப்பாட்டு மேஜையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவாள். கல்யாணப் பத்திரிகை வந்தால் முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று பார்க்க மாட்டாள், ஒற்று எங்கே விட்டுப் போயிருக்கிறது என்று பார்ப்பாள். ஊரிலிருந்து வருகிற முறுக்குப் பொட்டலத்தைக்கூடத் திருத்தியிருக்கிறாள். தப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா போவது அவளால் ஆகாது.

அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த நான் தமிழில் மகா மட்டம். பள்ளியில் ஆங்கிலம், விளையாட்டில் வங்காளம், வீட்டில் மட்டும் தமிழ், அதுவும் வாயால். அப்பா போன பிறகு அம்மா ஒரு சட்டம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் அப்பாவுக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுத வேண்டும். அவள் சிவப்பு மையில் திருத்துவாள். திருத்தின பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவாள். பிழையில்லாமல் அனுப்பினால் நான் எழுதினதாகவே அப்பா நம்ப மாட்டாராம். அவரும் ஐந்து நிமிடத்துக்குள் "சூப்பர்டா" என்று பதில் போட்டுவிடுவார்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாயங்காலம் ஏழரை மணிக்கு வீடியோ காலும் உண்டு. அங்கே அது காலை பத்து மணி. அப்பா ஆபீஸுக்குள் நுழைந்த கையோடு கூப்பிடுவார். முதலில் எல்லாம் அவர் தலைக்குப் பின்னால் ஒரு சாம்பல் தடுப்பு தெரியும். ஜூன் மாதத்திலிருந்து காட்சி மாறிவிட்டது. அவருக்குப் பின்னால் அலமாரி அலமாரியாகப் புத்தகம். அப்பாவுக்குப் புரமோஷன் கொடுத்து நல்ல அறைக்கு மாற்றிவிட்டார்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அந்த ஆபீஸில் ஒரு வெள்ளைத் தலைத் தாத்தா மணிக்கணக்கில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ஒரு கைக்குழந்தை தரை விரிப்பில் தவழ்ந்து போயிற்று. அமெரிக்காவில் ஆபீஸுக்குக் குழந்தையையும் தூக்கி வரலாம் போலிருக்கிறது, என்ன ஒரு தேசம் என்று மெய்சிலிர்த்தேன். அப்பா மட்டும் கிசுகிசுப்பாகவே பேசுவார். ஆபீஸில் சத்தம் போடக் கூடாதாம். புது இடமா என்று அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். ஆமாம், புது பில்டிங் என்றார். அம்மா தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

ஜூலையில், விடுமுறைக்கு வந்த ஒரு நண்பர் மூலம் அப்பா ஒரு பார்சல் கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே இரண்டு புத்தகம். ஒன்று அந்த ஊர்க் குழந்தைகளுக்கான அமெரிக்க வரலாறு, படம் போட்டது. இன்னொன்று தலையணை கனத்தில் ஒரு கடல் சாகசக் கதை. மேலட்டை கிழிந்துபோய், யாரோ கனமான பச்சை அட்டை ஒட்டியிருந்தார்கள். பெயர் என்ன, எழுதியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. இரண்டிலும் முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு முத்திரை. அகராதியில் பார்த்தேன், விலக்கப்பட்டது என்று போட்டிருந்தது. அம்மா அந்த முத்திரையை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தாள்.

அந்த இரண்டு புத்தகமும் என்னை என்ன பாடு படுத்தின என்று சொல்லி மாளாது. பால்கனியில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சோற்றுக்குக்கூட எழுந்திருக்க மாட்டேன். எதிர் வீட்டு வங்காளக் காக்கிமா, அதாவது சித்தி முறை வைத்து நான் கூப்பிடுகிற அம்மாள், என்னைப் புத்தகப் பூச்சி என்று அவர்கள் பாஷையில் கூப்பிட ஆரம்பித்தார். கடல் கதையில் வந்தவர்கள் எதற்கும் அசர மாட்டார்கள். பாய்மரம் முறிந்தால் இன்னொன்று செய்வார்கள். குடிதண்ணீர் தீர்ந்தால் மழையைப் பிடிப்பார்கள். எத்தனை புயல் அடித்தாலும் கடைசி அத்தியாயத்தில் கரை ஏறிவிடுவார்கள். அப்பாவும் கடல் தாண்டித்தான் போயிருக்கிறார், ஆகவே அவரும் கட்டாயம் கரை ஏறுவார் என்று எனக்குப் பெரிய தைரியம்.

வரலாற்றுப் புத்தகம் வேறு மாதிரி. அதில் கப்பலில் வந்தவர்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே மேற்கே போனார்கள். அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்களே, அவர்கள் எங்கே போவார்கள் என்று அம்மாவைக் கேட்டால், அதைப் புத்தகத்தைக் கேளு என்பாள். புத்தகம் அதைப் பற்றி நாலு வரிதான் சொல்லிற்று. அடிமைகளைப் பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. அவர்கள் எழுதப் படிக்கக் கற்பதே குற்றமாம். அப்படியும் யாருக்கும் தெரியாமல் மண்ணில் குச்சியால் எழுத்தைக் கீறிக் கீறிக் கற்றவர்கள் இருந்தார்களாம். இதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னபோது அவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். கல்கத்தாவுக்கு வந்த புதிதில் பஸ் போர்டையும் மருந்துக்கடைப் பலகையையும் பார்த்துப் பார்த்து, யாரிடமும் கேட்காமல் வங்காள எழுத்தைத் தானே படித்துக்கொண்டவள் அவள். எனக்கு அந்த மண்ணில் எழுதினவர்களைப் பார்த்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அதே புத்தகத்தில்தான் அவர்களுடைய முதல் ஜனாதிபதி சின்னப் பையனாக இருந்தபோது அப்பாவின் மரத்தை வெட்டிவிட்டு, நான்தான் வெட்டினேன் என்று ஒப்புக்கொண்ட கதையும் வந்தது. அப்பா அடிக்கவில்லையாம், கட்டிக்கொண்டாராம். படித்த வேகத்தில் நான் எழுந்து போய், ஊறுகாய் ஜாடியை உடைத்தது காற்று இல்லை, நான்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். உண்மையைச் சொன்னா யாரு அடிக்கப் போறா என்று சொல்லிவிட்டு அம்மா வேலையைப் பார்த்தாள். எனக்கு ஒரு நாட்டையே ஆளலாம் போல இருந்தது.

ஆகஸ்டில் ஒருநாள் சாயங்காலக் காலில் அப்பா குண்டைத் தூக்கிப் போட்டார். கம்பெனி விட மாட்டேன் என்கிறதாம். வேலை நீண்டுகொண்டே போகிறதாம். பூஜைக்கு வர முடியாது, அடுத்த வருஷம்தான். நான் ஓவென்று அழுதேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அவர் தலைக்கு மேலே தெரிந்த அலமாரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுது முடித்த பிறகு, கடல் கதைக்காரர்களைப் போல நானும் அசரக் கூடாது என்று தீர்மானித்தேன். அப்பாவின் மனதைக் கரைக்கிற மாதிரி ஒரு கடிதம் எழுதினால் கம்பெனியிடம் சண்டை போட்டாவது வந்துவிடுவார் இல்லையா? அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். பிழை நடந்தது அப்போதுதான்.

வங்காளத்தில் புத்தகத்துக்குப் பெயர் 'பொய்'. பஸ் என்னும்போது வருகிற 'ப'வைப் போட்டுச் சொல்ல வேண்டும். தமிழில் இந்தப் 'ப'வுக்கும் அந்தப் 'ப'வுக்கும் ஒரே எழுத்துதானே. புத்தகக் கண்காட்சியைப் 'பொய்மேளா' என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்வோம், அப்பா உட்பட. ஆகவே புத்தகம் என்பது பாடத்தில் வருகிற சொல், பொய் என்பது வீட்டில் பேசுகிற தமிழ் என்று நான் நினைத்திருந்தேன். நிஜமான பொய்க்கு எங்கள் வீட்டில் புளுகு என்று பெயர். புளுகாதடி என்றுதான் அம்மா திட்டுவாள். இப்படி ஒரு தமிழ்ச் சொல் வேறு அர்த்தத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. அம்மா திருத்தின பிறகு என் கடிதம் இப்படி இருந்தது:

"அன்புள்ள அப்பா, நீங்கள் அனுப்பிய இரண்டு பொய்யும் கிடைத்தன. அம்மாவும் நானும் சேர்ந்து படித்தோம். அமெரிக்காப் பொய் எனக்கு ரொம்பப் பிடித்தது. கப்பல் பொய் அதைவிடப் பிடித்தது. மரத்தை வெட்டியவன் உண்மையைச் சொன்னான். அவனை யாரும் அடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் யாரும் அடிக்க மாட்டார்கள் என்று அம்மா சொன்னாள். உங்கள் ஆபீஸ் முழுக்கப் பொய் என்று எனக்குத் தெரியும். போனில் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். நீங்கள் பூஜைக்கு வாருங்கள். வரும்போது இன்னொரு பெரிய பொய் கொண்டு வாருங்கள். பழைய பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை."

அன்றைக்கு அம்மா திருத்துவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். ஏதோ அடித்து எழுதினாள், எழுதினதையே அடித்தாள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எட்டிப் பார்த்தபோது சில வார்த்தைகளுக்குக் கீழே சிவப்பில் சின்னச் சின்னதாகப் புள்ளி வைத்திருந்தாள். இது என்ன என்று கேட்டேன். ஒண்ணுமில்ல, அழகுக்கு என்றாள். பிறகு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாள்.

நீல டிக் விழுந்துவிட்டது. பதில் வரவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று, ஐம்பது நிமிடம் போயிற்று. சாயங்காலம் நானாகக் கூப்பிடப் போனேன். விடு, அப்பா படிச்சுக்கிட்டு இருப்பார் என்று அம்மா போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். ஒரு பக்கக் கடிதத்தை ஒரு நாள் முழுக்கவா படிப்பார்கள்?

மறுநாள் காலை நான் பள்ளிச் சீருடையில் ஒரு சடையோடு நிற்கும்போது போன் அடித்தது. வீடியோ இல்லை, குரல் மட்டும். அம்மா போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் அப்பாதான் பேசிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அம்மா உதடு அசையவே இல்லை. ஒரு விமானம் இறங்கிற்று, இன்னொன்றும் இறங்கிற்று. எனக்குப் பொறுக்கவில்லை, கதவை லேசாகத் திறந்தேன். அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"இருக்கட்டும்" என்றாள். மறுபடியும், "இருக்கட்டுங்க. கிளம்பி வாங்க" என்றாள்.

உள்ளே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மீதிச் சடையைப் பின்னினாள். மண்டைத் தோல் பிய்ந்துவிடும் போல இறுக்கிப் பின்னினாள். அப்பா பூஜைக்கு வருகிறார் என்றாள். நான் குதித்த குதியில் சடை அவள் கையிலிருந்து நழுவிவிட்டது.

விஷயம் இதுதான். ஜூன் மாதமே அப்பா பார்த்துக்கொண்டிருந்த வேலை முடிந்துபோயிருக்கிறது. அந்தச் சின்னக் கம்பெனி, வேறு வேலை கிடைக்கும்வரை பெஞ்சில் இரு, நீயே தேடிக்கொள் என்று கைவிட்டுவிட்டது. நாலு பேர் தங்குகிற அறையில் பகலெல்லாம் உட்கார்ந்திருக்க வெட்கப்பட்டுக்கொண்டு, அப்பா தினமும் இஸ்திரி போட்ட சட்டையோடு அந்த ஊர்ப் பொது நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். விண்ணப்பம் போடுவார். எங்களைக் கூப்பிடுவார். அங்கே வாசலில் பழைய புத்தகங்களை விலக்கப்பட்டது என்று முத்திரை குத்திச் சும்மா கொடுக்கிற விலைக்குக் கொடுப்பார்கள். எனக்கு வந்த இரண்டும் அதில் பொறுக்கினவைதான். ஊரில் எல்லோரும் தலையில் தூக்கி வைத்து அனுப்பின பிறகு வெறுங்கையோடு திரும்பி வருவது எப்படி என்று மனிதர் பயந்துபோயிருந்தார். இந்த ஆளுக்குத்தான் உங்கள் ஆபீஸ் முழுக்கப் பொய், அம்மாவும் பார்த்தாள் என்று நான் எழுதிவிட்டேன்.

அப்பாவைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று மட்டும்தான் அம்மா அன்றைக்கு எனக்குச் சொன்னாள். எங்கள் பள்ளியில் பெஞ்சின் மேல் நிற்கவே வைப்பார்கள். உட்காருவதற்கா இவ்வளவு அழுகை என்று எனக்கு அலட்சியமாகத்தான் இருந்தது.

பூஜைக்கு ஒரு வாரம் முன்னால், மஹாலயா அமாவாசை அன்று அப்பா வந்து இறங்கினார். இளைத்துக் கறுத்திருந்தார். பெட்டியைத் திறந்தால் சாக்லேட் ஒரே ஒரு டப்பா, மீதி எல்லாம் பழைய புத்தகம். அப்பா, எவ்வளவு பொய் கொண்டு வந்திருக்கீங்க என்று நான் கத்தினேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரிக்க ஆரம்பித்தவள், நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வழிகிறவரை சிரித்தாள். அப்புறம்தான் எனக்குப் பொய் என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வருஷம் அப்பா என்னைத் தோளில் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு கொஞ்ச மாதம் தேடி, செக்டர் ஃபைவிலேயே முன்பைவிடச் சின்ன வேலையில் சேர்ந்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார், சௌக்கியமாக இருக்கிறார்.

இவ்வளவும் நான் ஊரெல்லாம் சொன்ன கதை. இதில் கெட்டிக்காரி நான்தான். தெரியாமல் செய்தாலும் செய்தது நான் அல்லவா?

இப்போது ஜாதவ்பூரில் விடுதியில் தங்கி வரலாறு படிக்கிறேன். அந்த இரண்டு புத்தகம் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து விட்ட இடம் இது. போன மாதம் வகுப்பில், அந்த ஜனாதிபதி மரம் வெட்டின கதையே பின்னால் ஒருவர் புத்தகம் விற்பதற்காகக் கட்டிவிட்டது, அப்படி ஒன்று நடந்ததற்கு ஆதாரமே இல்லை என்று பேராசிரியர் சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தப் பையனை நம்பி நான் ஊறுகாய் ஜாடியை ஒப்புக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை நியூ டவுனுக்கு வந்ததும் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்துப் புரட்டினேன். மரத்தின் படம் போட்ட பக்கத்திலிருந்து நாலாக மடித்த ஒரு நோட்டுத் தாள் விழுந்தது.

என் கடிதம். பக்கம் முழுக்கச் சிவப்பு. 'அணுப்பிய' என்பது 'அனுப்பிய' ஆகியிருந்தது. 'கப்பள்' கப்பலாகியிருந்தது. 'நீ' எல்லாம் 'நீங்கள்' ஆகியிருந்தது. ஒரு ஒற்றைக்கூட அம்மா விடவில்லை. முதல் வரியில் 'பொய்யும்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே 'புத்தகமும்' என்று எழுதியிருந்தாள். பிறகு, தான் எழுதிய 'புத்தகமும்' என்பதையே அடித்திருந்தாள். அடிபட்ட என் சொல்லுக்குக் கீழே வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். அதற்கப்புறம் வந்த ஐந்து பொய்க்கும் திருத்தமே இல்லை, நேராகப் புள்ளிதான்.

இத்தனை வருஷம் அம்மாவின் மேஜையருகில் வளர்ந்தவளுக்கு இப்போது அந்தக் குறி தெரியும். புரூஃப் பார்க்கிறவர்கள் ஒன்றைத் திருத்திவிட்டு, வேண்டாம் என்று மனசு மாறினால் கீழே புள்ளி வைப்பார்கள். இது இப்படியே இருக்கட்டும், கை வைக்க வேண்டாம் என்று அச்சகத்துக்குச் சொல்வது அது. கல்யாணமான புதிதில் அம்மாவுக்குத் தாள் அடுக்கிக் கொடுத்த அப்பாவுக்கும் தெரியும்.

தாளை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். உள்ளே அம்மா யாருடைய நோட்ஸையோ திருத்திக்கொண்டிருந்தாள். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார், அந்த நூலகத்தில் பேசின மாதிரி.

"முதல் தடவை படிச்சப்போ எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். ரெண்டாந்தடவதான் நீ புக்கச் சொல்றேன்னு புரிஞ்சுது, சிரிச்சுட்டேன். அப்பாடா, யாருக்கும் தெரியலன்னு போனைக் கீழ வைக்கப் போனேன். அப்பத்தான் அந்தப் புள்ளியப் பாத்தேன்."

அப்பாவைத் திரும்ப வரவைத்தது நானும் இல்லை, என் பிழையும் இல்லை. நூலகத்து முத்திரையைத் தடவிப் பார்த்த அன்றைக்கே தெரிந்துகொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல், அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்த என் அம்மாவை நினைத்து எனக்கு மலைப்பாக இருந்தது. கடிதம் எழுதின அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, அழகுக்கு என்று அவள் சொன்னதை நம்பி, புள்ளி மட்டும் வைத்திருக்கிறாயே, எப்போது கோலம் போடப்போகிறாய் என்று கேட்டவள் நான்.